வட்டச் சாலையில் எல்லோர்க்கும் இடம்

திருச்சூர் நகரின் கிறிஸ்துமஸ் ஊர்வலம்

ஊரை வலம் வருவதால் அதற்கு ஊர்வலம் என்று பெயர் வந்தது. கோயில் தேர், மாதா கோவிலின் சப்பரம், தர்காவின் சந்தனக்கூடு என நம் நாட்டில் அதற்கு எத்தனையோ வடிவங்கள் உண்டு. அவை அனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்று இருக்கிறது. விழா நடக்கும் இடத்தைத் தேடி மக்கள் செல்வதுதான் உலக வழக்கம். ஊர்வலத்திலோ விழாவே புறப்பட்டு மக்களைத் தேடி வருகிறது. படியேற இயலாத முதியவர், கடையை விட்டு நகர முடியாத வணிகர், வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த அண்டை வீட்டார் ஆகியோர் அனைவரும் தத்தம் வாசலில் நின்றபடியே அதில் பங்கு பெறுகின்றனர். அழைப்பிதழும் நுழைவுச்சீட்டும் இல்லாமல் எவரும் காணக்கூடிய விழா அது.

டிசம்பர் மாதத்தில் இந்த உண்மையைக் கண்ணாரக் காண விரும்புவோர், பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கேரளத்தின் திருச்சூர் நகருக்குச் செல்லலாம். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள்கள் கழித்து, வழக்கமாக டிசம்பர் 27ஆம் நாள் மாலையில், அந்நகரின் வட்டச் சாலை முழுவதும் சிவப்பாகிவிடும். வெண்தாடியும் செங்குல்லாயும் அணிந்த ஆயிரக்கணக்கான கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் ஒரே தாளத்திற்கு ஆடியபடி நகரை வலம் வருவர். ‘போன் நத்தாலே’ என்பது அவ்விழாவின் பெயர்.

நகரின் நடுவே ஒரு வட்டம்

இவ்விழாவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அந்தச் சாலையைப் புரிந்துகொள்ள வேண்டும். திருச்சூரின் நடுவில் சிறு மேடொன்றின்மீது வடக்குநாதன் கோயில் அமைந்துள்ளது. அதைச் சுற்றி ஏறத்தாழ 65 ஏக்கர் பரப்பில் தேக்கின்காடு மைதானம் விரிந்து கிடக்கிறது. அந்த மைதானத்தைச் சுற்றிச் செல்லும் சாலைக்குச் ‘சுவராஜ் ரவுண்ட்’ என்று பெயர். நகரின் முக்கிய வீதிகள் பலவும் இந்த வட்டத்திலிருந்தே கிளைத்துச் செல்கின்றன. வழி கேட்போருக்குத் திருச்சூர்க்காரர்கள் ‘ரவுண்டிலிருந்து’ என்று தொடங்கித்தான் வழி சொல்வார்கள்.

நகருக்கு இந்த அமைப்பை அளித்தவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சியை ஆண்ட சக்தன் தம்புரான். கோயிலைச் சுற்றியிருந்த காட்டைத் திருத்தி மைதானமாக்கியவரும், வணிகம் பெருகும் பொருட்டுச் சிரியன் கிறித்தவ வணிகக் குடும்பங்களை நகரில் குடியமர்த்தியவரும் அவரே என்று நகரின் வரலாறு கூறுகிறது. உலகப் புகழ்பெற்ற திருச்சூர்ப் பூரம் அவரால் தோன்றியதற்கும் ஒரு கதை வழங்குகிறது. அந்நாளில் சுற்றுப்புறக் கோயில்கள் அனைத்தும் ஆறாட்டுப்புழை என்னும் ஊரின் பூரத்திற்குச் செல்வது மரபு. ஓராண்டு பெருமழையால் காலந்தாழ்ந்து சென்ற திருச்சூர்க் கோயில்களின் அணிகளுக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் மனவருத்தத்துடன் திரும்பி வந்து மன்னரிடம் முறையிட, வடக்குநாதன் திருமுன்னிலையில் அவர்களுக்கெனத் தனி விழாவே தொடங்கிவைத்தார் மன்னர். இடம் மறுக்கப்பட்டவர்களுக்காகப் பிறந்த விழாவே இன்று ‘பூரங்களின் பூரம்’ என்று போற்றப்படுகிறது.

கிறிஸ்துமஸின் மூலக்கதையும் இடம் இல்லாமையிலிருந்தே தொடங்குகிறது. பேறுகாலம் நெருங்கிய பெண்ணுக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. குழந்தை மாட்டுத் தொழுவத்தில் பிறந்தது. கிறித்தவர்கள் ஆண்டுதோறும் வீட்டு முற்றத்தில் வைக்கோலால் குடில் அமைப்பது இந்நிகழ்வை மறவாதிருக்கவே. ஒரே வட்டச் சாலையில் நடைபெறும் இவ்விரு விழாக்களுக்கும் அடியில், கதவடைக்கப்பட்டவர்களின் கதை ஓடிக்கொண்டிருப்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமையாகும்.

இத்தாலியச் சொல், மலையாள ஊர்

‘போன் நத்தாலே’ என்பது இத்தாலிய மொழியில் கிறிஸ்துமஸ் வாழ்த்து. பெயர் அயல்மொழியாயினும் நம் செவிக்கு முற்றிலும் புதியதன்று. இலங்கைத் தமிழர் கிறிஸ்துமஸை ‘நத்தார்’ என்று வழங்குவர். போர்த்துக்கீசியரின் ‘நத்தால்’ தமிழில் அடைந்த உருவம் அது. இத்தாலியரின் நத்தாலேயும் போர்த்துக்கீசியரின் நத்தாலும், பிறப்பைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை.

சொல்லைப் பற்றி இன்னொரு சுவையான செய்தி. கேரளத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் ‘கிறிஸ்துமஸ் பாப்பா’ என்றும் அழைப்பர். நமக்கோ பாப்பா என்றால் கைக்குழந்தை. “ஆயிரக்கணக்கான பாப்பாக்கள் ஆடப்போகிறார்கள்” என்று திருச்சூர் நண்பர் எவரேனும் கூறக்கேட்டுத் தொட்டில்களைத் தேடும் தமிழர், வெண்தாடிகளைக் கண்டு வியக்க நேரிடும்.

இவ்விழா தொன்மையானதன்று. திருச்சூர் உயர்மறைமாவட்டமும் நகரக் குடிமக்களும் இணைந்து 2013ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். ஆயினும் இதற்கான விதை நெடுங்காலத்திற்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. டிசம்பர் முதல் நாள் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை புலால் தவிர்த்து நோன்பிருப்பது கேரளச் சிரியன் கிறித்தவர் பலரின் மரபு. அந்நாள்களின் இரவுகளில் பங்கு இளைஞர்கள் மேளமும் விளக்கும் ஏந்தி வீடு வீடாகச் சென்று கீதம் பாடுவர். அவர்களுக்கு முன்னே தாத்தா வேடமிட்ட ஒருவர் ஆடிச் செல்வார். சமயம் பாராமல் எல்லா வாசலிலும் நிற்பதும், கிடைத்த காணிக்கையைப் பெற்றுக்கொண்டு இனிப்பு வழங்குவதும் அக்குழுக்களின் வழக்கம். தெருவுக்கு ஒருவராக ஆடிய தாத்தாக்கள் ஒரு நாள் அனைவரும் நகரின் நடுவில் ஒன்றுகூடியதே போன் நத்தாலே எனலாம்.

ஊர்வலத்துக்கேற்ற ஊரும் அதுவே. தேவாலயத் திருவிழாக்களில் செண்டை மேளமும் முத்துக்குடைகளும் பேண்டு வாத்தியமும் வாணவேடிக்கையும் அங்கே இயல்பாக இடம்பெறும். செண்டையும் குடையும் கோயில் பூரத்தின் அணிகலன்கள். தேவாலயமும் அவற்றைத் தனதாக்கிக்கொண்டது. ஓணத்தின் நான்காம் நாளில் உடலெங்கும் வண்ணம் பூசி, தொந்தியில் புலிமுகம் தீட்டிய கலைஞர்கள் ஆடிவரும் புலிக்களியும் இதே சாலையில்தான் நடைபெறுகிறது. சித்திரையில் யானைகளின் நடை, ஆவணியில் புலிகளின் ஆட்டம், மார்கழியில் தாத்தாக்களின் அணிவகுப்பு என ஒரே சாலைக்கு ஆண்டில் மூன்று பெருநாள்கள்.

ஊர்வலம் நகரும் வேளை

1889இல் நிறுவப்பட்ட புனித தோமையார் கல்லூரி வளாகத்தில் ஊர்வலம் அணிதிரள்கிறது. உயர்மறைமாவட்டத்தின் பங்குகள் ஒவ்வொன்றும் தத்தம் அணியை அனுப்புகின்றன. அவர்கள் பல வாரங்களாகத் தத்தம் ஊர்த் திடல்களில் ஒரே நடன அசைவுகளைப் பயின்றவர்கள். வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே பயின்றவர்கள் முதன்முறையாக ஒரே சாலையில் சேர்ந்து ஆடும்போது, ஆயிரக்கணக்கான கைகள் ஒரே கணத்தில் உயர்ந்து ஒரே கணத்தில் தாழ்வது காண்போரைச் சிலிர்க்கவைக்கும்.

சிவப்பாடைகளுக்கிடையே வெண்சிறகு கட்டிய வானதூதர்கள் நடந்து வருகின்றனர். சக்கரக் காலணிகளில் வழுக்கிச் செல்லும் தாத்தாக்களும் இருசக்கர வாகனங்களில் வரும் தாத்தாக்களும் உண்டு. விவிலியக் காட்சிகளைத் தாங்கிய அலங்கார ஊர்திகள் இடையிடையே தவழ்ந்து வருகின்றன. இத்தனைக்கும் நடுவில் சக்கர நாற்காலிகளில் அமர்ந்து, அதே செவ்வாடையும் அதே தாடியும் அணிந்த ஓர் அணி வருகிறது. நடக்க இயலாதவர்களைத் தனியொரு மேடையில் அமர்த்தி மரியாதை செய்வது எளிது. ஊர்வலத்தின் உள்ளேயே, மற்றவர்களின் தாளத்துக்கு அவர்களும் கையசைத்துச் செல்லுமாறு இடம் வகுத்திருப்பதுதான் அருமை. அந்த அணி கடந்து செல்லும்போது நெஞ்சு நெகிழாதவர் அரிது.

சாலையோரத்தில் நிற்போரும் வெறும் பார்வையாளர்களாக நீடிப்பதில்லை. தந்தையின் தோள்மீது அமர்ந்த குழந்தை, தன்னை நோக்கிக் கையசைக்கும் தாத்தாவுக்குத் திரும்பக் கையசைக்கிறது. அடுத்த தாத்தாவும் கையசைக்கிறார். அதற்கடுத்தவரும் அவ்வாறே. கதையில் ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் எல்லோரும் உறங்கியபின் வருபவராகச் சொல்லப்பட்ட ஒருவர், இங்கே முடிவின்றி வந்துகொண்டே இருப்பதைக் கண்டு குழந்தையின் விழிகள் விரிகின்றன. மாடி முகப்புகளில் நிற்போர் கைபேசியை உயர்த்திப் படமெடுக்கின்றனர். சிறிது நேரத்தில் அதைத் தாழ்த்திவிட்டுக் கைதட்டத் தொடங்குகின்றனர். நகரின் மூதாட்டியர் சிலர் நாற்காலிகளோடு முன்கூட்டியே வந்து அமர்ந்துவிடுகின்றனர். பூரத்துக்குக் கூடிப் பழகிய ஊராதலால் நெரிசலில் எவ்வாறு நிற்பது, எவ்வாறு வழிவிடுவது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணிக்கையும் எண்ணமும்

2014ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் இவ்வூர்வலம் உலகச் செய்தியானது. அன்று ஓரிடத்தில் திரண்ட கிறிஸ்துமஸ் தாத்தாக்களின் எண்ணிக்கை 18,112 என்று கின்னஸ் உலகச் சாதனைப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதற்கு முன்னர் இச்சாதனை வட அயர்லாந்தின் டெர்ரி நகரிடம் இருந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் படத்தில் பனியும் சறுக்குவண்டியும் தவறாமல் இருக்கும். பனியே விழாத ஊரொன்று, வியர்வை வழிய அச்செவ்வாடையை அணிந்து அச்சாதனையைப் பெற்றது விந்தைதான்.

எண்ணிக்கை வியப்பளிக்கலாம், அந்த வியப்பு ஓரிரு நாள்களில் அடங்கிவிடும். அவ்வெண்ணுக்குள் இருந்த மனிதர்களை நினைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். தாடியும் தொப்பியும் ஆடையும் அணிந்தபின் ஒருவர் யார் என்று அடையாளம் காண இயலாது. கடை முதலாளியும் கடைச் சிப்பந்தியும், ஆசிரியரும் மாணவரும், பேருந்து ஓட்டுநரும் மருத்துவரும் அருகருகே ஆடினாலும் எவருக்கும் தெரியாது. நாள்தோறும் நம்மைப் பிரித்து அடையாளப்படுத்தும் ஆடை, அந்த ஒரு மாலை மட்டும் நம்மை ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது.

தங்கப் பையும் தாத்தாவும்

முகம் மறைத்தல் என்பது இத்தாத்தாவின் கதைக்கே மூலமானது. இன்று நாம் காணும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பின்னணியில் இருப்பவர் நான்காம் நூற்றாண்டில் மீரா என்னும் துறைமுக நகரின் ஆயராக விளங்கிய புனித நிக்கோலாஸ். அந்நகரம் இன்றைய துருக்கி நாட்டில் உள்ளது. வறுமையால் மூன்று மகள்களுக்கு மணம் முடிக்க இயலாமல் தவித்த ஒரு தந்தையின் வீட்டுக்குள், மூன்று இரவுகளில் மூன்று தங்கப் பைகளை அவர் யாரும் அறியாமல் எறிந்துவிட்டுச் சென்றார் என்று மரபுவழிக் கதை கூறுகிறது. பெறுபவர் நாணக்கூடாது என்பதற்காகவே கொடுப்பவர் தம் முகத்தை மறைத்துக்கொண்டார். ‘வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது’ என்று நம் பெரியோர் கூறுவதும் இதனையே.

வங்கியோடு உறவுடைய நம் வாசகர்கள் அறியத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. ஐரோப்பாவில் அடகுக் கடைகளின் வாசலில் மூன்று பொன்னுருண்டைகள் தொங்குவதைக் காணலாம். அடகுத் தொழில் செய்வோர் நிக்கோலாஸைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டனர். அவ்வுருண்டைகளை அவருடைய மூன்று தங்கப் பைகளோடு தொடர்புபடுத்திக் கூறுவோரும் உளர். செந்நிற ஆடை அணிந்த பருத்த உருவமோ மிகப் பிற்காலத்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஓவியர் தாமஸ் நாஸ்ட் வரைந்த படங்களாலும், 1931 முதல் வெளிவந்த குளிர்பான விளம்பர ஓவியங்களாலும் அவ்வுருவம் உலகெங்கும் நிலைபெற்றது.

தங்கம் என்றால் திருச்சூருக்கு விளக்கம் தேவையில்லை. பொன் வணிகத்திலும் நகைத் தொழிலிலும் கேரளத்தில் முன்னிற்கும் நகரம் அது. இம்மாவட்டத்தைச் சேர்ந்த கொடுங்கல்லூர்ப் பகுதியே சங்க இலக்கியம் பாடும் முசிறியாகக் கருதப்படுகிறது. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு பதிவு செய்துள்ளது. வங்கித் துறைக்கும் திருச்சூர் ஒரு தாய்வீடு. 1920, 1927, 1929 ஆகிய ஆண்டுகளில் தோன்றி இன்றும் இயங்கிவரும் மூன்று வங்கிகள் இந்நகரில்தான் பிறந்தன. முன்பின் அறியாதவரின் பணத்தை நம்பிப் பெறுவதும், நம்பிக் கொடுப்பதுமே வங்கித் தொழிலின் அடித்தளம். பல சமயத்தாரும் ஒரே கடைத்தெருவில் கணக்குவைத்துப் பழகிய ஊரில் அத்தகைய நம்பிக்கை தழைத்ததில் வியப்பில்லை. கடைத்தெருவில் வளர்ந்த அந்த நம்பிக்கையே விழா நாளில் அதே தெருவில் நடனமாக வெளிப்படுகிறது.

யாருடைய சாலை?

இவ்வளவு பெரிய கொண்டாட்டத்தைப் பற்றி மாற்றுக் கருத்து எழுவதும் இயற்கையே. ‘தொழுவத்தில் பிறந்த ஏழைக் குழந்தையின் விழாவுக்கு இத்தனை ஆரவாரம் தகுமா?’ என்று கேட்போர் உண்டு. ‘பிறநாட்டு வேடம் நமக்கு எதற்கு?’ என்பாரும் உளர். நகரின் உயிர்நாடியான சாலை மாலை முழுதும் அடைபடுவதால் அன்றாடப் பணிக்குச் செல்வோர் படும் அல்லலும் மறுக்க முடியாதது. இக்கேள்விகளைப் புறந்தள்ளிவிட்டு மகிழ்ச்சியை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

ஆரவாரத்தைப் பற்றிய கேள்விக்கு ஊர்வலத்தின் நாளே ஒருவகையில் விடை தருகிறது. டிசம்பர் 24ஆம் நாள் நள்ளிரவு வழிபாடும், 25ஆம் நாளின் இல்லக் கொண்டாட்டமும் அமைதியாக நிறைவடைந்த பின்னரே தெரு விழா வருகிறது. குடிலின் முன்னே மௌனத்துக்கும் நேரம் இருந்தது; தெருவில் ஆடுவதற்கும் நேரம் இருக்கிறது. வேடத்தைப் பற்றிய கேள்விக்குச் செண்டை மேளம் விடை கூறும். வந்த வழி எதுவாயினும், இவ்வூரின் தாளத்துக்கு ஆடத் தொடங்கிய தாத்தா இவ்வூரினராகிவிட்டார். நாம் அருந்தும் காப்பியும், பொங்கல் தவிர மற்றெல்லாச் சமையலிலும் சேரும் மிளகாயும் அயல்நாட்டிலிருந்து வந்தவையே அல்லவா?

சாலை அடைபடுவது பற்றிய கேள்விதான் ஆழமானது. பொதுச்சாலை எவருக்கும் சொந்தமில்லை. ஒரு சாரார் அதைச் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும்போது, மற்றவர்கள் அதை விட்டுக்கொடுக்கின்றனர். அந்த விட்டுக்கொடுத்தல் ஒருவழிப்பட்டதாக இருந்தால் மனக்கசப்பு விளையும். மாறிமாறி நிகழ்ந்தால் அதுவே உறவாகும். பூரத்தின்போது கிறித்தவக் கடைக்காரர் தம் மாடியை விருந்தினருக்குத் திறந்துவிடுகிறார். போன் நத்தாலேயின்போது இந்து அண்டை வீட்டார் தம் பிள்ளைகளைத் தாத்தா வேடமிட்டு அழைத்து வருகிறார். பண்டிகை அவரவருடையது, சாலை அனைவருடையது என்ற இந்த எழுதப்படாத உடன்பாடு நிலைக்கும்வரை, நகரின் நடுவில் உள்ள வட்டம் எவரையும் வெளியே நிறுத்தும் வேலியாகிவிடாது. இந்த உடன்பாடு தானாக நீடிப்பதன்று. ஒவ்வோராண்டும் சிலர் வழிவிடுவதாலும், சிலர் நன்றியுடன் கடந்து செல்வதாலும் அது புதுப்பிக்கப்படுகிறது. பல ஊர்களில் இது தேய்ந்துவருவதைக் காணும் நமக்கு, இதன் அருமை நன்கு விளங்கும்.

நாட்டின் பிற தெருக்களில்

கிறிஸ்துமஸ் காலத்தில் தெருவே விழாக்கூடமாவது திருச்சூரில் மட்டுமன்று. கோவாவில் ஜனவரி 6ஆம் நாள் மூவரசர் திருநாள். ரெய்ஸ் மாகோஸ், சாந்தோர், கன்சாலிம் ஆகிய ஊர்களில் சிறுவர்கள் முடிசூடி, அரசர் கோலத்தில் பரிசுப் பொருள்களோடு தேவாலயத்தை அடைவர். கொச்சிக் கோட்டையில் டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவில் ‘பப்பாஞ்ஞி’ என்னும் மாபெரும் கிழவர் பொம்மையை எரித்துப் பழைய ஆண்டை வழியனுப்பி, புத்தாண்டு நாளில் கார்னிவல் ஊர்வலம் நடத்துவர். கொல்கத்தாவின் பார்க் தெருவில் 2011 முதல் கிறிஸ்துமஸ் விழா நடைபெறுகிறது. அந்நகரின் நியூ மார்க்கெட்டில் யூதக் குடும்பம் ஒன்று நூறாண்டுகளுக்கு முன் தொடங்கிய அடுமனையில், கிறிஸ்துமஸ் கேக் வாங்க எல்லாச் சமயத்தாரும் வரிசையில் நிற்பர். ஒருவருடைய பண்டிகைக்கு மற்றொருவர் அடுப்பேற்றுவது நம் நாட்டின் நெடுநாள் வழக்கம்.

செல்ல விரும்புவோர் கவனத்திற்கு

தமிழகத்திலிருந்து செல்வோருக்குத் திருச்சூர் எளிதில் எட்டக்கூடிய நகரம். கோவையிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 115 கிலோமீட்டர். முன்பு வாகனங்கள் மணிக்கணக்கில் திணறிய குதிரான் மலைப்பகுதியில் இப்போது சுரங்கப்பாதை இருப்பதால் பயணம் விரைவாகிறது. ரயிலில் செல்வோர், நிலையத்திலிருந்து சுவராஜ் ரவுண்டுக்கு நடந்தே செல்லலாம். விழா நாள், தொடங்கும் நேரம், போக்குவரத்து மாற்றங்கள் ஆகியவற்றை அவ்வாண்டின் அறிவிப்புகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண்டிறுதி விடுமுறைக் காலமாதலால் ரயில் முன்பதிவையும் தங்குமிடத்தையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நலம்.

சொந்த வாகனத்தில் செல்வோர் நகருக்கு வெளியே நிறுத்திவிட்டு, பிற்பகலிலேயே வட்டச் சாலையை அடைந்துவிடவேண்டும். வடக்குநாதன் கோயிலின் வெளித்தோற்றத்தையும், புத்தன்பள்ளி என வழங்கப்படும் வியாகுல மாதா பேராலயத்தின் ஓங்கிய கோபுரங்களையும் அன்று காலையிலேயே கண்டுவிடலாம். பழமை மாறாமல் பேணப்பட்டதற்காக வடக்குநாதன் கோயில் 2015இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மண்டல விருதைப் பெற்றது. குழந்தைகளின் சட்டைப்பையில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய தாளை வைத்து அனுப்புங்கள். பிரிந்துவிட்டால் சந்திப்பதற்கு ஓரிடத்தை முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

பெருங்கூட்டத்தில் கைபேசி இணைப்பு தடைபடுவது வழக்கம். எனவே தேநீருக்கும் பலூனுக்கும் ஆட்டோவுக்கும் போதுமான சில்லறையைக் கையில் வைத்திருங்கள். வங்கி அட்டையையும் பணப்பையையும் உட்பையில் வைப்பது பாதுகாப்பு. அட்டை தொலைந்தால் உடனே முடக்குவதற்குரிய வங்கி உதவி எண்ணை, கைபேசியில் மட்டுமன்றித் தாளிலும் குறித்துவைத்திருங்கள். திரும்பும் வழியில் அடுமனை ஒன்றில் பிளம் கேக் வாங்க மறவாதீர்கள். வீட்டிலிருப்போருக்கு மட்டுமன்றி, அடுத்த வீட்டாருக்கும் சேர்த்து வாங்குங்கள்.

நிறைவாக

திருச்சூர் வரை செல்ல இயலாதவர்களுக்கும் இவ்விழா தருவதொன்று உண்டு. டிசம்பர் இரவுகளில் நம் தெருவுக்கும் கீதம் பாடும் குழு வருகிறது. மாசியிலோ சித்திரையிலோ தேர் வருகிறது. சந்தனக்கூடு வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவதற்குப் பதிலாக, வாசல் விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்து நிற்கலாம். வருபவருக்கு ஒரு குவளை நீர் கொடுக்கலாம். ஊர்வலம் கடந்து செல்லச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களில் நம் வாசல், இடமில்லை என்று எவரையும் திருப்பி அனுப்பாத சத்திரமாகிவிடுகிறது.